ஓவியர் வாங்கிய நிலம்

பூநகரியில் பனையோலைக்குப் பஞ்சமில்லை. கடகமும் தடுக்கும் பின்னத் தெரிந்த கைகளுக்கும் குறைவில்லை. ஆனால் தனித்தனியே பின்னி, வியாபாரி சொல்லும் விலைக்கே கொடுத்துவிடுகிறோம். கலை சோறு போடுமா என்று வீட்டிலும் கேட்கிறார்கள்.

சென்னை ஓவியர்கள் சிலருக்கும் அன்று இதே கவலைதான். படம் வாங்க ஆளில்லை. கலைக்கல்லூரி அதிபர் கே.சி.எஸ். பணிக்கரும் மாணவர்களும் ஒரு சங்கமாகச் சேர்ந்து, பற்றிக் துணிகளும் வேறு கைப்பணிப் பொருட்களும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் 1966இல் நகருக்கு வெளியே, ஈஞ்சம்பாக்கம் கடலோரத்தில் நிலம் வாங்கினார்கள். அதுவே சோழமண்டலம் ஓவியர் கிராமம். கைப்பணி வயிற்றைப் பார்த்துக்கொண்டது. மிச்ச நேரத்தில் அவர்கள் விரும்பியதை வரைந்தார்கள். அர்னவாஸ் என்ற பெண் ஓவியரும் அங்கிருந்தார்.

படித்தவர்கள், அதிபரே முன்னின்றார், எங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்பீர்கள். நியாயம்தான். நிலம் வாங்குவதும் இப்போதைக்கு வேண்டாம். ஐந்து பேர் சேர்ந்து ஓலை வாங்கி, ஒரே விலை சொல்லிப் பார்க்கலாம். இருந்து பின்ன இடமா? பொதுநோக்கு மண்டபத் திறப்பு யாரிடம் என்று கேளுங்கள்.