சிற்றாறும் வீட்டு வரியும்

குற்றால மலைக்காட்டில் ஆனி, ஆடி மாதங்களில் பொழியும் மழை, இலைகளிலும் சருகுகளிலும் வேர்களிலும் தங்கித் தங்கி இறங்கி, பேரருவியாகவும் ஐந்தருவியாகவும் விழுந்து, சிற்றாறு என்னும் பெயருடன் தென்காசியைக் கடந்து, பல குளங்களை நிரப்பியபின் சீவலப்பேரிக்கு அருகே தாமிரபரணியில் சங்கமிக்கிறது என்பது இப்பக்கத்துச் சிறுவர்களும் அறிந்த விஷயம். அதே மழை ஊருக்குள் பெய்யும்போது என்ன ஆகிறது என்பதைத்தான் நாம் அவ்வளவாக விசாரிப்பதில்லை.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது ஒரு லிட்டர் ஜலம். ஆகவே, 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர் சேரும். அதில் பத்தில் ஒன்பது பங்கு, அதாவது சுமார் 4,500 லிட்டர், உடனே தெருவுக்கு வந்துவிடும். அவ்விடம் தோட்டமாக இருந்திருந்தால் பெரும்பகுதியை மண்ணே குடித்திருக்கும். கோடை முழுவதும் தெருவிலும் வாகனங்கள் நிற்கும் இடங்களிலும் படிந்த என்ஜின் எண்ணெய், டயர்த் தூள், சாணம், பிளாஸ்டிக் உறை ஆகிய யாவற்றையும் முதல் மழையே வாரிக்கொண்டு வாறுகாலில் இறங்குகிறது. அருவிகளில் சோப்பும் ஷாம்பூவும் உபயோகிக்கக் கூடாதென்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. குளிப்பவர் கையிலிருக்கும் சோப்பைக் காவலர் பிடுங்கலாம், ஆனால் ஆயிரம் கூரைகளிலிருந்து வரும் நீரை எவர் தடுப்பது?

வடிகாலுக்கென்று வரி விதிப்பது நமக்குப் புதிதன்று. 1920ஆம் வருஷத்து மாவட்ட நகராட்சிகள் சட்டமே சொத்து வரியின் ஓர் அங்கமாக நீர், வடிகால் வரியை அனுமதித்தது. எனினும் அதற்கு ஆதாரமாயிருந்தது கட்டடத்தின் ஆண்டு வாடகை மதிப்பேயன்றி, அது வெளித்தள்ளும் நீரன்று. 2022இல் வரி உயர்த்தப்பட்டபோதும், தென்காசி போன்ற ஊர்களில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 100 சதவீதம் என்று கட்டடப் பரப்பே அளவுகோலாயிற்று. நான்கு மாடி விடுதிக்கும் வானத்தைப் பார்ப்பது ஒரே தளம்தான். பக்கத்தில், முற்றம் முழுவதும் சிமெண்டு பூசிய ஒற்றைத் தளக் கல்யாண மண்டபம் அதைவிடப் பன்மடங்கு நீரைத் தெருவில் கொட்டக்கூடும்.

இந்த முரணைக் களைய ஜெர்மனியின் நகரங்களில், கழிவுநீர்க் கட்டணத்தை இரண்டாகப் பிரித்து, மழைநீரின் பங்கை மூடப்பட்ட நிலப்பரப்பின்படி வசூலிக்கிறார்கள். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரமும் 2010 முதல், குடிநீர் மீட்டரைப் பாராமல், நீர் புகாத பரப்பை அளந்து வீடுகளல்லாத மனைகளிலிருந்து மழைநீர்க் கட்டணம் வாங்கத் தொடங்கியது. தன் மனையிலேயே மழையை நிறுத்துபவருக்குச் சலுகையும் அளித்தது. குடிநீர் இணைப்பே இல்லாத காரணத்தால் அதுவரை ஒன்றும் செலுத்தாதிருந்த கார் நிறுத்துமிடங்களும் அப்போதுதான் கணக்கில் வந்தன.

நம் ஊர்களிலும் மூடப்பட்ட பரப்பின்படி இத்தகைய மழைநீர் வரி விதிக்கலாம்; இந்நியாயம் நம் மண்ணுக்கு அந்நியமானதன்று. தண்ணீரை அனுபவிக்கும் ஆயக்கட்டுதாரர்கள் தம் உழைப்பை அளித்துக் குளத்தையும் வாய்க்காலையும் செப்பனிட்ட குடிமராமத்துக்கு 1858ஆம் வருஷத்திலேயே சட்டத்தின் துணை கிடைத்தது. வயலுக்கு நீரை எடுப்பவனுக்குக் கடமை உண்டென்றால், அந்த வயலை நோக்கி அழுக்கு நீரை விடுபவனுக்கு இல்லையா? 2003 முதல் கட்டாயமாக இருக்கும் மழைநீர் சேகரிப்புத் தொட்டி, பல வீடுகளில் தூர்ந்துபோய்ப் பெயரளவில் நிற்கிறது. அது வேலை செய்கிறதென்று நேரில் கண்டபின் வரியில் கழிவு தந்தால், அதற்கு உயிர் வரும். பாறை மேலாக இருக்கும் இடங்களில் உறிஞ்சு குழி பயன் தராதாகையால், அங்கே நீரைச் சில மணி நேரம் தேக்கி மெதுவாக விடும் தொட்டிகளே உதவும்.

இதனால் எல்லாம் தீரும் என்பதன்று. 2024 மே மாதத்தில் பழைய குற்றால அருவியில் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோன காட்டுவெள்ளத்துக்கு எந்த வரியும் மருந்தாகாது; அதற்கு வேண்டியது முன்னெச்சரிக்கை. ஊர் நீரின் அழுக்கையும் வேகத்தையும் குறைக்கவே இவ்வரி பிரயோஜனப்படும். விடுதி, மண்டபம், வாகன நிறுத்துமிடம் ஆகிய பெரும் பரப்புகளில் தொடங்கி, வசூலைத் தனிக் கணக்கில் வைத்து, எந்த வாறுகால் எப்போது தூர்வாரப்பட்டதென்று வார்டுதோறும் அறிவித்தால் ஜனங்கள் மனமுவந்து செலுத்துவார்கள். அப்பணம் பொதுக் கணக்கில் கரைந்துபோகுமானால், 'இது இன்னொரு வீட்டு வரி' என்றே பேசுவார்கள். அப்படிப் பேசுவதில் தவறும் இராது.