முதுகுவலி உள்ளவருக்கு எந்தச் சைக்கிள்?

வேலைக்குச் சைக்கிளில் போகலாம் என்று கடைக்குள் நுழைபவரை முதலில் இழுப்பது, கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பாரும் மெல்லிய டயரும் கொண்ட ரோடு சைக்கிள்தான். எடை குறைவு, வேகம் அதிகம். ஆனால், பந்தய வகைகளில் ஹேண்டில்பார் சீட்டைவிடத் தாழ்ந்திருக்கும்; இடுப்பை மடித்துக் குனிந்தே ஓட்ட வேண்டும். முதுகுவலி உள்ளவர்கள் விலைக்கும் முன்பாகப் பார்க்க வேண்டியது இந்தக் குனிவைத்தான்.

உங்கள் வலி எந்த வகை?

இடுப்புப் பகுதியில் டிஸ்க் பிதுங்கியவர்களுக்கு, குனியக் குனிய டிஸ்க்கின் மீது அழுத்தம் கூடும். நெடுநேரம் உட்கார்ந்தாலே வலிக்கிறது என்று சொல்பவர்களில் பலர் இந்த வகை. இவர்களுக்குச் சற்று நிமிர்ந்து உட்காரும் நிலை தேவை.

வயதானவர்களுக்கு வரும் தண்டுவடப் பாதைச் சுருக்கம் இதற்கு நேர்மாறு. கொஞ்ச தூரம் நடந்தாலே கால் கடுக்கும், மரத்துப்போகும். லேசாகக் குனிந்தால் பாதை விரிந்து வலி தணியும். தெருமுனை வரை நடக்கச் சிரமப்படும் இவர்களில் பலரால் சைக்கிளை வலியின்றி மிதிக்க முடிகிறது. நடக்கும்போது வரும் கால்வலிக்குக் காரணம் நரம்பு நெருக்கமா, இரத்தக்குழாய் அடைப்பா என்று பிரித்தறிய, நோயாளியைச் சைக்கிள் மிதிக்கவைத்துப் பார்க்கும் சோதனையே மருத்துவத்தில் உண்டு.

அதனால், 'முதுகுவலிக்கு இதுதான் நல்ல சைக்கிள்' என்று யாராவது ஒன்றைக் காட்டினால் உடனே பணம் கட்டாதீர்கள். எலும்பு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ உங்கள் வலியைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள்.

ஃபிரேமும் ஹேண்டில்பாரும்

ரோடு சைக்கிள்தான் வேண்டும் என்பவர்கள் 'எண்டியூரன்ஸ்' வகையைக் கேட்கலாம். அதில் முன்பக்கம் உயர்ந்திருக்கும்; ஹேண்டில்பாரை எட்டிப் பிடிக்கும் தூரமும் குறைவு. தினமும் வேலைக்குப் போய்வர மட்டும் என்றால், நேரான ஹேண்டில்பார் கொண்ட ஹைபிரிட் சைக்கிளே மேல் என்பேன். நெரிசலில் கழுத்தை வருத்தாமல் முன்னே பார்க்கலாம். பிடித்திருக்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். கை விறைத்து நீண்டால், ஒன்று ஃபிரேம் பெரிது, இல்லையென்றால் ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம் நீளம். ஸ்டெம்மைக் குறைந்த செலவில் மாற்றிவிடலாம்.

அதற்காக, முழுக்க நிமிர்ந்து உட்காரும் சைக்கிளுக்கும் ஓடிவிட வேண்டாம். பள்ளத்தில் விழும்போது அதிர்ச்சி நேராக முதுகெலும்பில் ஏறும்.

டயர்

23, 25 மி.மீ. டயர்கள் வழவழப்பான சாலைக்கானவை. வேகத்தடையும் குழியும் நிறைந்த நம் தெருக்களுக்கு 32 மி.மீ.க்குக் குறையாத டயர் நல்லது. அகலமான டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைக்கலாம், அதிர்வை அதுவே வாங்கிக்கொள்ளும். மலிவான சைக்கிள்களில் வரும் முன்பக்க ஷாக் அப்சார்பர் எடையைத்தான் கூட்டும்.

சீட்டில்தான் சூட்சுமம்

விலை உயர்ந்த சைக்கிளும் சீட் சரியில்லாவிட்டால் முதுகைப் பதம்பார்க்கும். சீட் மிக உயரமாக இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இருபுறமும் ஆடும்; கீழ்முதுகு வலிக்கு இதுவும் ஒரு காரணம். சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே இறக்குங்கள். கால் நேராக நீள வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் சரியான அளவில் மடங்கும்.

சீட்டின் மூக்கு மேல்நோக்கி இருக்கவே கூடாது. 1999இல் வெளியான ஓர் இஸ்ரேலிய ஆய்வில், சீட்டின் முன்பகுதியைச் சற்றுத் தாழ்த்தியதும் கீழ்முதுகு வலி இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு வலி குறைந்தது. சிறிது சிறிதாகத் தாழ்த்திப் பாருங்கள். உடல் முன்னே சறுக்கிக் கையில் பாரம் ஏறினால், தாழ்த்தியது அதிகம்.

பையும் கியரும்

லேப்டாப் பையை முதுகில் மாட்டாதீர்கள். கேரியரில் பக்கவாட்டுப் பை கட்டுங்கள். கனமான கியரில் முக்கி மிதிப்பதும் இடுப்பைத்தான் பிடிக்கும். வேகத்தடை வரும்போது சீட்டிலிருந்து லேசாக எழுந்துகொள்ளுங்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்?

வலி தொடைக்குக் கீழே இறங்கினாலோ, பாதம் மரத்தாலோ சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். காலில் பலம் குறைந்தாலும், சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலும், பிறப்புறுப்பைச் சுற்றி உணர்வு மங்கினாலும் ஒருநாள்கூடத் தாமதிக்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.