நோயுற்ற சிசுவின் பராமரிப்பில் குடும்பத்தாரின் பங்கு

குறைமாதத்தில் பிறந்த சிசுக்களையும், பிறந்தவுடன் மூச்சுத் திணறலோ கிருமித் தொற்றோ கண்ட சிசுக்களையும் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் உள்ள சிறப்புச் சிசு பராமரிப்புப் பிரிவுகளில் சேர்க்கிறார்கள். இப்பிரிவுகளின் கதவுக்கு வெளியிலேயே தாய்மாரும் உறவினரும் நெடுங்காலம் நிறுத்தப்பட்டு வந்தனர். வெளியார் நுழைந்தால் கிருமிகளும் உடன் நுழையும் என்ற அச்சமே இதற்குக் காரணம். அச்சம் நியாயமானதே, ஆயினும் அதனால் விளைந்த தீங்கு சிறிதன்று. பல நாட்களுக்குப் பின் குழந்தை கையில் ஒப்படைக்கப்படும்போது, ஒன்றரைக் கிலோ எடையுள்ள அவ்வுயிரை எவ்வாறு தூக்குவது, எவ்வாறு பால் புகட்டுவது என்பதைத் தாய் அறிந்திருப்பதில்லை. வீட்டிலோ உடனிருந்து உதவ நர்ஸ் இல்லை.

இந்த அச்சம் எவ்வளவு உண்மை என்பதைப் புது தில்லியிலுள்ள டாக்டர் ராம் மனோகர் லோகியா ஆஸ்பத்திரியின் குழந்தை வைத்தியர்கள் ஆராய்ந்தனர். ஏறத்தாழ 300 சிசுக்கள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவில் பெற்றோர்க்கு அல்லது உறவினர்க்குப் பயிற்சி அளித்து, சிசுவைப் பராமரிக்க உள்ளே அனுமதித்தனர். மற்றதில் வழக்கமான முறையே நீடித்தது. ஆராய்ச்சியின் முடிவுகள் 2017-இல் வெளியாயின. கிருமித் தொற்றில் இரு பிரிவுகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மாறாக, வீடு திரும்பும் முன் தாய்ப்பால் மட்டுமே அருந்திய சிசுக்கள் வழக்கமான பிரிவில் நூற்றுக்கு 67. குடும்பத்தார் பங்கு கொண்ட பிரிவில் நூற்றுக்கு 80. அதே 2017-இல் மத்திய சுகாதார, குடும்ப நல அமைச்சகம் இம்முறையை நாடெங்கும் கைக்கொள்வதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

தாயின் அண்மை குழந்தையின் உயிரையே காக்கக்கூடும் என்பதும் பின்னர்ப் புலனாயிற்று. 1 கிலோவுக்கு மேல் 1.8 கிலோவுக்குள் எடையுள்ள சிசுக்களைப் பற்றி, உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் ஆதரவில் 5 நாடுகளில் ஓர் ஆராய்ச்சி நடைபெற்றது. இந்தியாவில் தில்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரி இதில் பங்கு கொண்டது. சிசுவைத் தாயின் வெறும் மார்பில் அணைத்து வைக்கும் கங்காரு முறையை, உடல்நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்தவுடனேயே தொடங்கினர். 2021-இல் வெளியான முடிவின்படி, 28 நாட்களுக்குள் இறந்த சிசுக்கள் இம்முறையில் நூற்றுக்கு 12; உடல்நிலை சீரான பின்னரே தொடங்கிய பிரிவில் நூற்றுக்கு 15.7.

இதன் காரணத்தை எளிதில் விளக்கலாம். எடை குறைந்த சிசுவின் தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு. ஆகையால் உடற்சூடு விரைவில் வெளியேறுகிறது. குளிர்ந்த உடல் தன்னைச் சூடாக்கிக்கொள்ளப் பிராணவாயுவையும் சர்க்கரையையும் மிகுதியாகச் செலவிடுகிறது. தாயின் மார்பு இச்செலவைக் குறைக்கிறது. பாலும் நன்கு சுரக்கிறது.

ஆஸ்பத்திரியில் குடும்பத்தார்க்குக் கற்பிக்கப்படுவன இவை: சோப்பினால் முறைப்படி கை கழுவுதல், சுத்தமான மேலங்கி அணிதல், ஈரத்துணி மாற்றுதல், கங்காரு முறை, பிழிந்தெடுத்த தாய்ப்பாலைப் பாலாடையால் புகட்டுதல், வீட்டில் பேண வேண்டிய முறைகள். மருந்து கொடுப்பதும், ஊசி, குழாய், பிராணவாயுக் கருவி ஆகியவற்றைக் கையாள்வதும் டாக்டர், நர்ஸ் ஆகியோரின் பொறுப்பு. இருமல், காய்ச்சல், தோல்நோய் உள்ளவர் உள்ளே செல்லலாகாது.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். நர்ஸுகளின் பற்றாக்குறையை ஈடுசெய்யும் உபாயமாக இம்முறையைக் கொள்ளலாகாது. குடும்பத்தார்க்குக் கற்பிக்கவும் மேற்பார்க்கவும் நர்ஸ் தேவை. மேலும், பிரசவித்த பெண்ணுக்கு ஓய்வும் உணவும் வேண்டும். தந்தை, பாட்டி, அத்தை ஆகியோர் முறைவைத்து உதவினால் சுமை ஒருவர் மீதே விழாது. கங்காரு முறையைத் தந்தையும் செய்யலாம்.

கிராம சுகாதார ஊழியர்களின் பணி இதன் பின்னரே தொடங்குகிறது. வீடு திரும்பிய சிசுவைக் காணச் செல்லும்போது, கற்றதைத் தாய் செய்து காட்டும்படி கேட்டல் நன்று. குறையிருப்பின் கடிந்துகொள்ளாமல் திருத்தலாம். பாட்டிமாரையும் உடன் அமர்த்திக்கொள்ள வேண்டும். சிசுவைக் குளிப்பாட்டுவது முதலியவற்றைப் பல வீடுகளில் அவர்களே முடிவு செய்கின்றனர். பால் குடிக்க மறுத்தல், நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்குதல், மூச்சிழுக்கையில் மார்பு உள்வாங்குதல், உடல் சில்லிடுதல், வலிப்பு, உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாதல் ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்புக. போகும் வழியிலும் சிசு மார்போடு அணைந்தே இருக்கட்டும்.

ஆசிரியர்களும் உதவலாம். கை கழுவும் முறையை வகுப்பில் கற்ற சிறுவன் அதை வீட்டிலும் சொல்வான். தம்பியோ தங்கையோ ஆஸ்பத்திரியில் இருக்கும் மாணவன் பள்ளிக்கு வரத் தவறினால், அக்குடும்பத்தின் நிலையை விசாரித்துச் சுகாதார ஊழியருக்குத் தெரிவிப்பது பேருதவியாகும்.