காரைக்காலிலிருந்து கயிலைக்கு!

காரைக்கால் கடற்கரை ஊர். இங்கே மலை கிடையாது. ஆனாலும் கயிலை மலையை அறியாத பிள்ளை இந்த ஊரில் இல்லை. காரைக்கால் அம்மையார் அந்த மலையைக் காலால் மிதிக்க அஞ்சி, தலையால் நடந்து சென்றார் என்று பெரியபுராணம் கூறுகிறது.

எங்கே இருக்கிறது?

கயிலை திபெத்தில் இருக்கிறது. உயரம் 6,638 மீட்டர். சிகரத்தில் ஏற அனுமதி இல்லை. மலையைச் சுற்றி வரலாம். சுற்று வழி சுமார் 52 கிலோமீட்டர். மூன்று நாள் நடை. வழியில் உள்ள டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கும் மேலே இருக்கிறது.

எப்படிப் போவது?

லிபுலேக், நாதுலா கணவாய்கள் வழியாக இந்திய அரசு யாத்திரை நடத்துகிறது. 2020-ல் நின்றுபோன யாத்திரை 2025-ல் மீண்டும் தொடங்கியது. வயது 18 முதல் 70 வரை இருக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனையும் உண்டு.

மூச்சு வாங்கும்!

அந்த உயரத்தில், கடற்கரையில் கிடைக்கும் பிராணவாயுவில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். வாலிபர்களையும் இது விடாது. தலைவலியா? வாந்தியா? மறைக்காதீர்கள். உடனே சொல்லுங்கள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று மேலே ஏறினால் உயிருக்கே ஆபத்து. நோய் முற்றினால் கீழே இறங்குவதுதான் முதல் மருந்து.

தலையால் நடந்தவர் அம்மையார் ஒருவரே. நாம் காலால் நடப்போம். மெல்ல நடப்போம்!