தலைக்கு ஒரு வாக்கு

1789 மே மாதம். பிரெஞ்சு அரசின் கஜானா காலி. புது வரிக்கு ஒப்புதல் தேடி மன்னர் பதினாறாம் லூயி வெர்சாயில் ஒரு சபையைக் கூட்டினார். 1614க்குப் பிறகு அந்தச் சபை கூடுவது அதுவே முதல் முறை. பாதிரிமார் ஒரு பிரிவு, பிரபுக்கள் ஒரு பிரிவு, மற்றவர் எல்லாம் மூன்றாம் பிரிவு. நாட்டில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் அந்த 'மற்றவர்'தான். ஆனால் பழைய வழக்கப்படி பிரிவுக்கு ஒரே வாக்கு. மேலே உள்ள இருவரும் கைகோத்தால் மூன்றாமவர் பேச்சு எடுபடாது.

பாஸ்தி சிறை விழுந்த ஜூலை 14ஐ உலகம் நினைவில் வைத்திருக்கிறது. இன்றைய தேர்தல் அரசியலுக்கு வித்து அதற்கு முன்பே, இந்த வாக்குத் தகராறில் விழுந்துவிட்டது என்பேன். தலைக்கு ஒரு வாக்கு வேண்டும் என்று மூன்றாம் பிரிவினர் விடாப்பிடியாக நின்றார்கள். ஜூன் 17 அன்று தங்களையே தேசிய மன்றமாக அறிவித்தார்கள். 20ஆம் தேதி வந்து பார்த்தால் மண்டபக் கதவு பூட்டியிருந்தது. அருகிலிருந்த டென்னிஸ் கூடத்தில் திரண்டு, அரசியல் சட்டம் உருவாகும்வரை கலைவதில்லை என்று சபதம் எடுத்தார்கள்.

ஒரே ஒருவர் மறுத்தார். அவர் பெயர் மார்த்தான்-தோஷ். மன்னர் ஏற்காத ஒன்றுக்குத் தன்னால் சத்தியம் செய்ய முடியாது என்றார். கூடம் கொதித்தது. தலைமை வகித்த பாயி, அவர் கையெழுத்தை 'எதிர்ப்பவர்' என்ற குறிப்போடு பதிவேட்டில் இருக்கவிட்டார். சபதத்தைச் சித்திரமாக்கிய ஓவியர் தாவீதும் அவரை விட்டுவிடவில்லை. வலது ஓரத்தில் மார்பில் கைகளைக் கட்டியபடி உட்கார்ந்திருக்கிறார். பெரும்பான்மையின் ஆவேசத்துக்கு நடுவே ஒரு மறுப்புக்கும் இடம் கிடைத்த அந்த நாளை, சபதத்தைவிடப் பெரிதாகவே மதிக்கிறேன். சில மாதங்களில் மன்னரின் ரத்து அதிகாரம் பற்றிய விவாதத்தில் ஆதரித்தவர்கள் தலைவருக்கு வலப்புறமும், எதிர்த்தவர்கள் இடப்புறமும் அமர்ந்தார்கள். வலதுசாரி, இடதுசாரி என்ற பெயர்கள் அங்கே பிறந்தவை.

மறுப்புக்குக் கிடைத்த அந்த இடம் நீடிக்கவில்லை. பாரிஸ் மேயரான பாயி, 1791 ஜூலையில் மனுவோடு திரண்ட கூட்டத்தின்மேல் துப்பாக்கிச் சூடு நடந்ததற்குப் பொறுப்பாக்கப்பட்டு, 1793 நவம்பரில் கில்லட்டினுக்குப் பலியானார். பெண்களின் உரிமைப் பிரகடனம் எழுதிய ஒலாம்ப் து கூஜும் அதே மாதம் அதே கருவியில் மாண்டார்.

தலைக்கு ஒரு வாக்கு கேட்டவர்களே எல்லாத் தலைகளையும் எண்ணவில்லை. மூன்று நாள் கூலிக்குச் சமமான நேரடி வரி கட்டும் ஆண்களுக்குத்தான் 1789 டிசம்பரில் வாக்கு கிடைத்தது. ஆண்கள் எல்லோருக்கும் நிலையான வாக்குரிமை வர 1848 ஆயிற்று. பெண்களுக்கு 1944இல்தான் உரிமை வந்தது. 1945 ஏப்ரலில், நகராட்சித் தேர்தலில், பிரான்ஸின் பெண்கள் முதன்முதலாக வாக்களித்தார்கள்.