அவரைக்காய் ஆய்வோம்

'ஆய்தல்' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒரு பொருளின் இயல்பை நுணுகி ஆராய்வதும் ஆய்தல். கீரையையும் காயையும் சமையலுக்காகச் சுத்தம் செய்வதும் ஆய்தல். முதலாவதைச் செய்தால் இரண்டாவது தானே கைவரும் என்பதற்கு நம் அவரைக்காயே சான்று.

ஆடியில் ஊன்றும் அவரைக்கொடி, பகற்பொழுது குறுகும் நாட்களில்தான் பூக்கும். ஆகவே மார்கழி, தை மாதங்களில் காட்டாங்குளத்தூர்ப் பக்கம் வேலியிலும் பந்தலிலும் காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கக் காணலாம். பொங்கல் கூட்டுக்கு அவரை இல்லாத வீடு அரிது. குட்டையாக வளரும் செடி அவரையோ, நீர் இருந்தால் எப்பருவத்திலும் காய்க்கும்.

காயின் அமைப்பை முதலில் பார்ப்போம். ஓர் இலை நடுவில் மடிந்து, அதன் இரு ஓரங்களும் ஒட்டிக்கொண்டது போன்ற உறைதான் அவரைக்காய். ஒரு விளிம்பு மடிப்பு; மறு விளிம்பு ஒட்டு. விதைகள் ஒட்டுப் பக்கத்தைப் பற்றிக்கொண்டிருக்கின்றன. நீரையும் உணவையும் கொண்டுவரும் நுண்குழாய்கள் இவ்விரு விளிம்புகளிலும் ஓடுகின்றன. காய் முற்ற முற்ற அவற்றை ஒட்டிய இழைகள் தடித்து நாராகின்றன. ஆதலால்தான் இரு பக்கமும் நார் எடுக்க வேண்டியிருக்கிறது.

அவரையும் மொச்சையும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்பர் தாவர நூலார். எனினும் அவரையைத் தோலோடு உண்கிறோம். மொச்சையின் தோல் கடினமாதலால் விதையை மட்டும் உண்கிறோம். பட்டாணியிலும் இப்படியே. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் விளையும் பச்சைப் பட்டாணியின் தோலுக்கு உட்புறம் காகிதம் போன்ற ஒரு படலம் உண்டு. 'ஸ்னோ பீஸ்' எனப்படும் தட்டைப் பட்டாணியில் அப்படலம் இல்லை. ஆகவே அதை அவரையைப் போலவே நார் எடுத்து முழுதாகச் சமைக்கலாம். அகுஸ்தீன் சபைத் துறவி கிரகோர் மெண்டல் 1866இல் வெளியிட்ட புகழ்பெற்ற மரபியல் ஆய்வில், பட்டாணிச் செடியின் ஏழு பண்புகளை எடுத்துக்கொண்டார். அவற்றுள் ஒன்று இத்தோலின் வேறுபாடேயாகும். மடத்துத் தோட்டத்தில் அவரும் காய் 'ஆய்ந்தவர்'தாம்!

இனிச் செய்முறைக்கு வருவோம். வளைத்தால் 'படக்'கென்று முறியும் காயே இளங்காய். விதை புடைத்து, தோல் சுருங்கியது முற்றல்.

முதலில் காய்களை முழுதாகவே கழுவ வேண்டும். அசுவினிப் பூச்சிகள் காம்பருகே கூட்டமாக ஒட்டியிருக்கும். கல்லுப்புக் கரைத்த நீரில் சிறிது நேரம் போட்டு, பின் நல்ல நீரில் கையால் தேய்த்து இரண்டு மூன்று முறை அலசினால் அவையும் மண்ணும் நீங்கும். மேலே படிந்த மருந்தும் ஓரளவு குறையும்.

அடுத்து, காம்பைக் கிள்ளி, முழுதும் துண்டிக்காமல் அப்படியே கீழ்நோக்கி இழுத்தால் ஒரு பக்கத்து நார் வந்துவிடும். மறுமுனையைக் கிள்ளி, மற்றப் பக்கத்தையும் அவ்வாறே எடுக்கலாம். பிறகு காயைப் பிளந்து பார்ப்பது இன்றியமையாதது. தோலில் சிறு துளை தெரிந்தால் உள்ளே காய்த்துளைப்பான் புழு இருக்கக்கூடும். முற்றிய காயை எறிந்துவிடாமல், விதையை மட்டும் எடுத்துக் குழம்பில் சேர்க்கலாம்.

நறுக்கிய பின் கழுவுவது பலர் வீட்டில் காணும் வழக்கம். வைட்டமின் 'சி'யும் 'பி' வகைகளும் நீரில் கரைபவை. நறுக்கிய முகங்கள் வழியே அவை நீரோடு போய்விடும். நிறைய நீரில் வேகவைத்து வடித்துக் கொட்டுவதும் அத்தகையதே. காசு கொடுத்து வாங்கிய சத்தைச் சாக்கடையில் ஊற்றலாமா? சிறிது நீர் தெளித்து, வேகும் அளவுக்கு மட்டும் அடுப்பில் வைத்தால் போதும். பச்சை நிறம் மாறாதிருக்க ஆப்பசோடா சேர்ப்பதும் தவறு. அது 'பி1' வைட்டமினை அழித்துவிடும்.

உலர்ந்த மொச்சைக்கு மட்டும் முறை வேறு. அதில் சயனைடு நஞ்சை உண்டாக்கக்கூடிய பொருள் உண்டு. ஆகவே இரவு முழுதும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும். இங்கே நீரைக் கொட்டுவது வீணல்ல, பாதுகாப்பு.

தோழியரே! சமையலறையும் ஓர் ஆய்வுக்கூடமே. 'ஏன்' என்று அறிந்து செய்யும் கைக்கு வேலையும் எளிது. வீட்டார்க்கு நலமும் மிகுதி. ஐந்து அப்பங்களைப் பகிர்ந்தளித்த பின், மீந்த துண்டுகளையும் சேர்த்து வைக்கச் சொன்னவர் நம் ஆண்டவர். நாமும் காயின் சத்து வீணாகாமல் சமைப்போம். எடுத்த நாரையும் காம்பையும் எருக்குழியில் இடுவோம். அடுத்த ஆடியில் ஊன்றும் அவரைக்கு அதுவே உரமாகும்.