உங்களுக்குத் தெரியுமா? மேடையேறிய சூனியக்காரிகள்

ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகத்தில் வரும் மூன்று சூனியக்காரிகளும் அரசன் டங்கனைக் கொல்லச் சொல்வதே இல்லை. 'நீ அரசனாவாய்' என்பதோடு சரி. கொலை எண்ணம் மேக்பெத்தின் நெஞ்சிலேயே முளைக்கிறது. தயங்குபவனை உசுப்பேற்றி அனுப்புகிறவள் அவன் மனைவி. நாடகத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

இந்த நாடகம் 1606 வாக்கில் எழுதப்பட்டது. அப்போதைய இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ், சூனியம் பற்றி 1597-இல் புத்தகமே வெளியிட்டவர். ஸ்காட்லாந்துக்கு மட்டும் அரசராக இருந்தபோது, 1590-இல் டென்மார்க்கிலிருந்து புது மனைவியோடு கப்பலில் திரும்பினார். வழியில் கடும் புயல். பழி சூனியக்காரிகள் மேல் விழுந்தது. நோய்க்கு மருந்து கொடுத்து வந்த ஆக்னஸ் சாம்ப்சன் என்ற பெண்ணை ஜேம்ஸ் தாமே விசாரித்தார். தலையைக் கயிற்றால் முறுக்கி வதைத்த பிறகு அவர் 'ஒப்புக்கொண்டார்', 1591-இல் கொல்லப்பட்டார். ஆக்னஸும் அவரோடு குற்றம் சாட்டப்பட்ட பெண்களும் சல்லடைகளில் ஏறிக் கடலில் போனதாக அன்றைய பிரசுரம் ஒன்று சொன்னது. மேக்பெத்தின் முதல் சூனியக்காரியும் சல்லடையில் கடல் கடக்கப் போவதாகப் பேசுகிறாள். அந்த வரியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆக்னஸ் நினைவுதான்.

ஷேக்ஸ்பியர் கதை எடுத்த ஹாலின்ஷெட்டின் வரலாற்றில் மேக்பெத்தின் தோழன் பாங்கோவும் டங்கன் கொலைக்கு உடந்தை. நாடகத்தில் அவன் குற்றமற்றவன். ஜேம்ஸ் தம் முன்னோராகக் கருதியவர் பாங்கோ!

உண்மையான மேக்பெத் 1040 முதல் 1057 வரை ஆண்டவர். டங்கன் இறந்தது நாடகத்தில் வருவதுபோல் படுக்கையில் அல்ல, போரில்.

1664 வாக்கில் நாடகாசிரியர் டேவனன்ட் 'மேக்பெத்' நாடகத்தைத் திருத்தி, சூனியக்காரிகளை ஆடிப் பாடிப் பறக்கவிட்டார். கூட்டம் அள்ளியது.

எனக்கு நெருக்கமானது 'எட்மன்டன் சூனியக்காரி' என்ற நாடகம். எலிசபெத் சாயர் என்ற ஏழைப் பெண் 1621-இல் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டிலேயே டெக்கர், ஃபோர்டு, ரௌலி மூவரும் அவரை நாடகப் பாத்திரமாக்கினார்கள். சுள்ளி பொறுக்கியதற்காக நிலத்துக்காரன் அவளை அடிக்கிறான். ஊரே சூனியக்காரி என்று ஏசுகிறது. அதன் பிறகுதான் கறுப்பு நாய் வடிவில் சாத்தான் அவளிடம் வருகிறான். இன்னொரு பக்கம், முதல் திருமணத்தை மறைத்துச் சொத்துக்காக இரண்டாவது பெண்ணை மணந்த ஃபிராங்க், அவளைக் கத்தியால் குத்திக் கொல்கிறான். அவனை ஊர் கடைசிவரை பரிவோடு பார்க்கிறது. சாயருக்கு வசவுதான் மிச்சம். இவ்வளவு துணிச்சலாக ஊரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய நாடகம் அந்தக் காலத்தில் அரிது.

சாயரைத் தூக்கிலேற்றிய, 1604-இல் கடுமையாக்கப்பட்ட சூனியச் சட்டம் இங்கிலாந்தில் நீங்கியது 1736-இல்தான்.